திங்கட்கிழமை நோர்மல்

எங்கள் ஆய்வுகூடத்தில் என் கணவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: நோர்மல். "நோர்மல் ஐயா வந்திட்டார் மிஸ்" என்று திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முன்மேசையில் இருக்கும் பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லுவாள். அவர் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, வலது பக்கத்துச் சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்தபடியே வந்து கதிரையில் இருப்பார். நான் ரப்பர் பட்டியைக் கட்டி, ஊதா மூடிக் குப்பியில் இரத்தம் எடுப்பேன். இரண்டு வருடமும் சில மாதங்களும் இது தவறாமல் நடந்தது.

இன்று அவரால் அந்தச் சேட்டைத் தானாகப் போட முடியாது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சில் முக்கால்வாசி போய்விட்டது. இப்படி ஒன்று வரப்போகிறது என்று அவருடைய இரத்தம் கிழமைக்குக் கிழமை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததா, நான்தான் கேட்காமல் விட்டேனா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அது ஒருநாளும் தெரிய வராது என்பதும் எனக்குத் தெரியும்.

இரத்தம் பார்ப்பது என் தொழில். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதலாளி கிண்ணியாக்காரர், நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவரையும் என்னையும் விட்டால் வேலைக்கு நிற்கும் இரண்டு இளம் பிள்ளைகள், ஒரு மெசின், ஒரு நுணுக்குக்காட்டி, அவ்வளவுதான். எங்கள் நகரத் தெருக்களில் மான்கள் திரியும், வாசலிலும் வந்து நிற்கும். ஒருமுறை கிளிவெட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் இரத்தச் சீனி ரிப்போட்டைக் கையிலிருந்து இழுத்து ஒரு மான் தின்றுவிட்டது. "இனி மானுக்குத்தான் பத்தியம்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு பிரதி கேட்டார். நான் அவரோடு எரிந்து விழுந்தேன். எரிந்து விழுவது எனக்குக் கைவந்த கலை.

இரத்தம் எண்ணும் மெசினை யாரும் அப்படியே நம்பக்கூடாது. காலையில் நோயாளரின் இரத்தத்தைப் போடுவதற்கு முன்னால், முடிவு ஏற்கனவே தெரிந்த ஒரு இரத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கொன்ரோல் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் சிறு சிறு குப்பிகளாக வரும். மெசின் சொல்லும் எண்ணும் குப்பியோடு வரும் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் மெசின் சரி, வேலையைத் தொடங்கலாம். பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் அந்தக் குப்பிகள் வராமல் நின்றன.

நானா கிண்ணியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்து வியர்வையோடு நின்றார். "தங்கச்சி, கொழும்பில கொன்ரோல் இல்லையாம். எப்ப வருமெண்டும் தெரியாதாம். என்ன செய்யப் போறீங்க?"

"சுகமான ஆள் ஒராள் வேணும் நானா. கிழமைக்கு ஒருக்கா ரத்தம் தரவேணும். அதை வச்சுச் சமாளிக்கலாம்."

"அப்ப நானே தாறன்."

"உங்களுக்குச் சீனி வருத்தம். கொழுப்பும் இருக்கு."

"அது கிடக்கட்டும், ரத்தம் நல்ல ரத்தந்தானே" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

பிள்ளைகள் இருவருக்கும் இரத்தச்சோகை. எனக்குத் தைரொயிட். சுகமான மனிதன் ஒருவனைத் தேடினால் கூட்டத்தில் ஒருவரும் தேறவில்லை. கடைசியில் வீட்டில் இருந்தவரைக் கண்டுபிடித்தேன். துறைமுகத்தில் கப்பல் வரும்போது கயிறு வாங்கிக் கட்டும் ஆட்களுக்கு மேற்பார்வை பார்ப்பவர். ஐம்பத்து நான்கு வயது. பீடி இல்லை, சாராயம் இல்லை, வேலைக்குச் சைக்கிளில் போய் சைக்கிளில் வருபவர். வருடத்தில் ஒரு பனடோல் மாத்திரை போட்டால் அதிகம். சொன்னவுடன் சரி என்றார். "கிளிவெட்டி ரத்தமப்பா, தண்ணி கலக்காதது" என்றார். அவர் பிறந்தது கிளிவெட்டி. முப்பது வருடமாக நகரத்தில் இருந்தும் அந்தப் பெருமை குறையவில்லை.

முதல் திங்கட்கிழமை அவருடைய இரத்தத்தை மெசினில் மூன்று முறை போட்டேன், நுணுக்குக்காட்டியிலும் கையால் எண்ணினேன். எல்லாம் பாடப்புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருந்தன. அந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதி, மேலே கொட்டை எழுத்தில் "நோர்மல்" என்று போட்டேன். பிள்ளைகள் அதையே அவருக்குப் பெயராக்கினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குத் தேத்தண்ணி நேரத்தில் அவர் இறங்குதுறையிலிருந்து போன் எடுத்தார்.

"என்னப்பா, நான் சரியோ?"

அன்றைக்கு மெசின் ஹீமோகுளோபினைச் சற்றுக் குறைத்துக் காட்டியிருந்தது. கழுவிப் போட்டதும் சரி வந்தது. "நீங்கள் சரி. மெசின்தான் பிழை" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. பிறகு ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்கு அதே கேள்வி, அதே பதில். மெசினில் ஒரு பிழையும் இல்லாத நாளிலும் அப்படித்தான் சொல்லுவேன். புருசன் பெண்சாதிக்குள் இப்படி ஒன்றிரண்டு விளையாட்டு இருக்கும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மகள் கல்யாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போன பிறகு வீட்டில் பேச்சும் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இரத்த ரிப்போட்டை எல்லோரும் ஒரே மாதிரித்தான் வாசிப்பார்கள். டெங்கு வந்து வந்து பழகிவிட்டது. பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். அது கூடவாக இருந்தால் சந்தோசம். மற்ற வரிகளை யாரும் பார்ப்பதில்லை. நானும் வீட்டு ஆட்களின் ரிப்போட்டை அப்படித்தான் பார்த்தேன்.

நடுவில் வெண்குழியங்களின், அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்களின், வரிகள் இருக்கும். அவற்றில் இரண்டு வகைதான் பெரும்பான்மை. ஒன்று நியூட்ரோபில், பள்ளிக்கூடத்தில் நடுநிலைநாடி என்று படித்தோம். உடம்பில் எங்கே புண், எங்கே கிருமி என்றாலும் முதலில் ஓடிப்போவது அது. மற்றது லிம்போசைட், அவசரப்படாமல் ஆறுதலாக வேலை செய்வது. சுகமான மனிதனில் முதலாவது இரண்டாவதைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ இருக்கும். காய்ச்சல் வந்தால் முதலாவது ஏறும், சுகமானால் இறங்கும். காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்காக முதலாவது ஏறிக்கொண்டும் இரண்டாவது இறங்கிக்கொண்டும் போனால், உடம்பில் எங்கேயோ ஒரு தணல் அணையாமல் கிடக்கலாம். அப்படிப்பட்டவர்களிலே நாடிகளின், அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின், சுவர் இறுகிப்போயிருப்பதும் கூடுதலாகக் காணப்படுகிறது. இறுகிய நாடி துடிப்புக்கு விரிந்து கொடுக்காது. இதயம் தள்ளும் ஒவ்வொரு தள்ளும் தணியாமல் மூளை வரைக்கும் போய் அடிக்கும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் முன்னமே தெரியும். ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு டொக்டர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் திங்கட்கிழமை என் கணவரின் நியூட்ரோபில் ஐம்பத்தைந்து, லிம்போசைட் முப்பத்தாறு. நூறு வெண்குழியத்தில் இத்தனை என்று கணக்கு. அடுத்த கிழமை ஐம்பத்தாறு, முப்பத்தைந்து. ஒன்று இரண்டு வித்தியாசம் எந்த இரத்தத்திலும் எந்த மெசினிலும் வரும். அதனால் நான் ஒரு விதி வைத்தேன். மாதக் கடைசியில் அந்த மாதத்துத் திங்கட்கிழமைகளின் சராசரியை எடுத்து, அதையே அடுத்த மாதத்துக்கு அளவாக வைப்பது. கெட்டித்தனமான விதி என்று நினைத்தேன். நானாவிடமும் பீற்றிக்கொண்டேன். அந்த விதிதான் என் கண்ணைக் கட்டியது. போன மாதத்து மனிதனோடு இந்த மாதத்து மனிதனை ஒப்பிட்டால் வித்தியாசம் எப்போதும் கொஞ்சம்தான். முதல் நாள் மனிதனோடு ஒப்பிட்டிருந்தால் ஒரு வருடத்திலேயே தெரிந்திருக்கும். முதல் பக்கத்தை நான் பிறகு திருப்பிப் பார்க்கவேயில்லை.

ஒரு வருடம் போனபோது அறுபத்து மூன்று, இருபத்தெட்டு. நோர்மல் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. மொத்த வெண்குழியமும் எல்லைக்குள். பிளேட்லெட் இரண்டேகால் இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்துக்கு ஏறியிருந்தது. அதைச் சொன்னதும் அவர் துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "எனக்கு டெங்கு வந்தாலும் பப்பாசி இலைச் சாறு தேவையில்லையாம்" என்று. நானும் சிரித்தேன். கூடவான பிளேட்லெட்டும் அதே தணலின் புகையாக இருக்கலாம் என்று அன்றைக்கு என் புத்தியில் ஓடவில்லை.

வெளிநாட்டுக் குப்பிகள் அதற்குள் திரும்ப வரத் தொடங்கியிருந்தன. நாங்கள் அவற்றையும் பாவித்தோம், திங்கட்கிழமை இரத்தத்தையும் விடவில்லை. வழக்கமாகிவிட்டது. அவருக்கும் அது ஒரு உத்தியோகம் மாதிரி. இரத்தம் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் றொட்டியும் சம்பலும் சாப்பிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அந்த நாட்களில் வேறு இரண்டு விசயங்கள் இருந்தன. அவருடைய பல் ஈறிலிருந்து, எங்கள் பேச்சில் முரசிலிருந்து, இரத்தம் வரும். பல் தீட்டினால் துப்புவதெல்லாம் சிவப்பு. பல வருடப் பழக்கம். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார். "பல் டொக்டரிட்டப் போங்கோ" என்றால், "வாய்க்குள்ள ஊசி போட என்னால ஏலாது" என்பார். கிழமைக்கு ஒருதரம் கையை நீட்டி ஊசி குத்த விடுகிற மனிதனுக்கு வாய்க்குள் ஊசி என்றால் பயம். நான் அதை வைத்து அவரைக் கிண்டல் செய்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

மற்றது பிரசர். துறைமுகத்தில் ஒருநாள் எல்லோருக்கும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மேலே நூற்று ஐம்பத்தெட்டு, கீழே அறுபத்தெட்டு. பின்னேரம் வந்து சொன்னார். "மேலது கொஞ்சம் கூடவாம். ஆனா கீழது நல்லாயிருக்கு. கீழதுதானே முக்கியம்?"

அப்படித்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லுவார்கள், கீழ் எண்தான் முக்கியம் என்று. நானும், "ஓம், கீழது நல்லாயிருக்கு. உப்பைக் குறையுங்கோ" என்று சொல்லிவிட்டு குசினிக்குள் போய் மீன் குழம்புக்கு எப்போதும் போடுகிற உப்பைப் போட்டேன். மேல் எண் ஏறிக் கீழ் எண் இறங்கி, இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடுவது நாடி இறுகியதன் அடையாளம். அதுவும் நான் படித்ததுதான்.

இரண்டாம் வருடம் முடிந்தபோது நியூட்ரோபில் எழுபது, லிம்போசைட் இருபத்தொன்று. பிறகு ஒரு திங்கட்கிழமை எழுபத்து நான்கு, பதினேழு. லிம்போசைட் இருபதுக்குக் கீழே போனதும்தான் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் சந்தேகப்பட்டது மெசினை. நோர்மல் பிழையாகுமா? மெசின்தான் பிழையாகும். காலையில் போட்ட வெளிநாட்டுக் குப்பி ஒத்துப்போயிருந்தும் அதை நான் நம்பவில்லை. குழாயெல்லாம் கழுவினேன். இரசாயனத்தை மாற்றினேன். மறுபடி எழுபத்து நான்கு.

கண்ணாடித் துண்டில் இரத்தத்தை இழுத்துச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். ஒவ்வொரு குழியமாகப் பார்த்துப் பொத்தானை அமர்த்த வேண்டும். நூறு வந்ததும் அந்தச் சின்ன எண்ணி டிங் என்று மணி அடிக்கும். மணி அடித்தபோது எழுபத்தைந்து, பதினாறு. சரி, இரத்தத்தை இழுத்ததுதான் பிழை என்று நினைத்தேன். ஓரத்தில் நியூட்ரோபில் கூடவாக ஒதுங்கும், நான் ஓரத்தில் எண்ணிவிட்டேன். இன்னொரு துண்டு எடுத்தேன், நடுவில் எண்ணினேன். எழுபத்து நான்கு. பிள்ளையைக் கூப்பிட்டு நீ எண்ணு என்றேன். அவளும் எழுபத்து நான்கு என்றாள். "உனக்கு இன்னும் எண்ணத் தெரியாது" என்று ஏசினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையும் குறை சொன்னேன், பக்கத்தில் நின்ற பிள்ளையையும் குறை சொன்னேன்.

நானாவிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து மெசின் பொறியியலாளரை வரவழைத்தேன். முப்பது வயதுகூட இருக்காது. காலையிலிருந்து மத்தியானம் வரை மெசினைக் கழற்றிப் பூட்டி, தான் கொண்டுவந்த குப்பிகளைப் போட்டுப் பார்த்தான். எல்லாம் ஒத்துப்போனது. பிறகு என் கொப்பியை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரைக்கும் விரலை நனைத்து நனைத்துப் புரட்டினான்.

"மேடம், மெசின் நல்லா இருக்கு. உங்க கொன்ரோல்தான் மாறியிருக்கு."

"மாறாது. அது ஒரே ஆள்தான்."

"அதைத்தான் மேடம் சொல்றேன். ஒரே ஆளுதான், ஆனா ஆளு மாறியிருக்காரு. யாரு இவரு?"

"தெரிஞ்ச ஆள்."

"அவரை ஒருவாட்டி டொக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தம்பி, நீங்கள் மெசின் திருத்த வந்தனீங்கள். ஆக்களுக்கு வைத்தியம் பார்க்க வரேல்ல" என்றேன். அவன் பெட்டியைப் பூட்டினான். முன்மேசைப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அன்று பின்னேரம் அவர் வேலையால் வந்து, குளித்து, வெறும் மேலோடு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோள் இறுக்கமாக இருந்தது, வயிறு உள்ளே இருந்தது. நோயாளி என்று சொல்ல ஒரு இடமும் இல்லை.

"உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"ஏன்? மெசின்காரன் என்ன சொன்னவன்?"

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தானே. நாளைக்கு லீவு போடுங்கோ, ஒரு டொக்டரைப் பார்ப்பம் என்று. ஆனால் சொன்னால், இரண்டு வருடமாக நான் கொப்பியில் எழுதினதெல்லாம் என்ன என்று அவர் கேட்பார் என்று பட்டது. எனக்கு என் கெட்டித்தனம் பெரிதாக இருந்தது. "மெசின் பழசாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் அப்பவே சொன்னனான்."

அடுத்த மாதம் சம்பள லீவில் மட்டக்களப்புக்கு மகளிடம் போகும்போது அங்கேயே ஒரு டொக்டரிடம் காட்டலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்ததும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. வெட்கமில்லாமல் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை. வழக்கம்போல வந்தார், கையை நீட்டினார், றொட்டி சாப்பிட்டார், போனார். எழுபத்து நான்கு, பதினேழு. பத்து மணிக்குப் போன் வந்தது. ஆய்வுகூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். காய்ச்சல் காலம், குழந்தைகளின் அழுகை. அவர் "நான்" என்றார். அதற்குப் பிறகு வந்தது குழைந்து வந்தது, வாய்க்குள் ஏதோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. கேள்வி எனக்குத் தெரிந்த கேள்விதானே.

"வாய்க்குள்ள என்ன, றொட்டியோ? நீங்கள் சரி, மெசின்தான் பிழை. வையுங்கோ, ஆக்கள் நிக்கினம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து அவரோடு வேலை செய்கிறவர் போன் எடுத்தார். "அக்கா, கெதியா ஆஸ்பத்திரிக்கு வாங்கோ." கயிறு வைக்கும் கொட்டிலுக்குப் பின்னால் போனைக் கையில் பிடித்தபடி கிடந்தாராம். யாரோ தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் கண்டார்களாம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததாம்.

பாரிசவாதம். ஆஸ்பத்திரி வாட்டில் அவரை நான் கண்டபோது கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்த ஒரு மணித்தியாலத்தை நான் இன்றைக்கும் ஒரு நாளில் பல தடவை திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் பதினொரு பேருடைய பிளேட்லெட் பார்த்துக் கொடுத்திருந்தேன்.

கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒவ்வொரு திங்களுக்கும் நியூட்ரோபிலை லிம்போசைட்டால் பிரித்து ஓரத்தில் எழுதினேன். ஒன்றரையில் தொடங்கி, இரண்டு, இரண்டரை, மூன்று, கடைசியில் நாலேகால். நடுவில் எங்கேயாவது நன்றாக இறங்கியிருக்கும், அதைக் காட்டி என்னை நானே சமாதானப்படுத்தலாம் என்று தேடினேன். அப்படி ஒரு கிழமையும் இல்லை.

வாட்டுக்கு வரும் டொக்டர் பொறுமையான மனிதர். கையிலும் காலிலும் பட்டி கட்டி, துடிப்பு ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கும் ஒரு கருவியால் அவரை அளந்தார். இறுகிய நாடியில் துடிப்பு வேகமாக ஓடும். முடிவைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "இவருக்கு ஐம்பத்தாறு எண்டுறீங்கள். நாடியைப் பார்த்தா எழுபத்தைஞ்சு சொல்லுது. வாயில, முரசில ஆறாத புண், வருத்தம் ஏதும் இருந்ததோ? அதுவும் நாடியை இறுக்கலாம் எண்டு சொல்லுவினம்."

ஓம் என்று சொல்லி நான் கொப்பியை நீட்டினேன். அவர் நின்றபடியே வெகுநேரம் பார்த்தார்.

"டொக்டர், இதை நான் முதலே பார்த்திருந்தா?"

"மிஸ், இதை மட்டும் வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. இந்தக் கணக்கு ஏறின எல்லாருக்கும் பாரிசவாதம் வாறேல்ல. ஏறாத ஆக்களுக்கும் வருது. எது முந்தி, எது பிந்தி எண்டு எங்களுக்கே வடிவாத் தெரியாது."

"ஆனா பிரசருக்காவது குளிசை குடுத்திருக்கலாம்."

அவர் கொப்பியை மூடினார். கொப்பியைத் திருப்பித் தரும்போது, "எங்கட நோயாளிகள் ஒருத்தருக்கும் இப்பிடிக் கிழமைக்குக் கிழமை எடுத்த ரிப்போட் இல்லை. ஒரு மனுசனை இவ்வளவு கவனமா ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டினம்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் சீலைத் தலைப்பை அடைத்தபடி அழுதேன். இந்த மாவட்டத்திலேயே யாருடைய இரத்தத்தையும்விடக் கூடுதலாகப் பார்க்கப்பட்டது என் கணவருடைய இரத்தம். பார்த்தவள் நான்.

நாடி இறுகியது இறுகியதுதான், இனி இளகாது, இன்னொரு முறையும் வரலாம், மருந்து தவறக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் ஒரு மாதம் வந்து நின்றாள். அவளிடம் எல்லாம் சொன்னேன், மெசின்காரன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. நானாவுக்கும் தெரியாது. முன்மேசைப் பிள்ளைக்குத் தெரியும். அவள் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என் கணவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று சில நாள் பக்கத்தில் போய் இருப்பேன். இடது கையால் என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுப்பார். நான் எழும்பிப் போய்விடுவேன்.

மகள் திரும்பிப் போன பிறகு, நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அவரைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அக்கா வருகிறார். ஆய்வுகூடத்தில் இப்போது வெளிநாட்டுக் குப்பி மட்டும்தான். அந்தக் குப்பியின் தாளில் யாருடைய இரத்தம் என்று எழுதியிருக்காது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

நான் திரும்ப வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை, காலை ஆறரை இருக்கும். அவருக்குச் சேட்டுப் போட்டு, ஜன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினேன். அவர் இடது கையால் வலது பக்கத்துச் சேட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருண்டது அவிழ்ந்தது, திரும்பவும் சுருட்டினார். முழங்கைக்கு மேலே வந்ததும், செத்துக் கிடந்த அந்தக் கையை இடது கையால் தூக்கிக் கதிரையின் கைப்பிடியில் மல்லாத்தி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனி வேண்டாம். இனி ரத்தம் எடுக்கத் தேவையில்லை" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் குந்தி, முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தழும்புகள் இருந்த இடத்தில் விரலை வைத்து அமர்த்தினேன். துடிப்பு உரமாக அடித்தது. சேட்டுக் கையை இறக்கிவிட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். இருக்கிற கொஞ்சச் சொற்களுக்குள்ளே தேடி, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி வெளியே விட்டார்.

"ச... ரி... யோ?"

"ஓம். நீங்கள் சரி."

போதவில்லை. கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. மீதியையும் கேட்கக் காத்திருந்தார். வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்று, "என்னவாம் பிள்ளை கேக்கிறார்?" என்றார்.

"மெசின்தான் பிழை" என்று கதிரையில் இருந்தவரிடம் சொன்னேன்.

முகத்தில் மிச்சமிருந்த பாதியால் அவர் சிரித்தார்.